மண் போட்டவன் வரட்டும்

அக்காவின் கழுத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். அழகான கழுத்து என்று சொல்ல வரவில்லை. சற்று நீளம், நல்ல கறுப்பு, இடது பக்கம் ரப்பர் ஸ்டோரில் திராவகம் தெறித்து ஆறிய தழும்பு ஒன்று. ஆனால் அது குனியாத கழுத்து. மாரியம்மன் சந்நிதியில்கூடக் கையைத்தான் கூப்புவாளே தவிர, தலையைத் தாழ்த்த மாட்டாள். பூசாரி ஒருமுறை அதைக் கேட்டுவிட்டார். தாயைப் பார்க்க வந்துவிட்டுத் தரையைப் பார்க்கவா என்று அவரையே திருப்பிக் கேட்டாள். அவளிடம் கேள்வி கேட்கப் போனவர்கள் பெரும்பாலும் இன்னொரு கேள்வியை வாங்கிக்கொண்டுதான் திரும்பினார்கள்.

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. நான் அதை எழுதப் போவதில்லை. மலாயாவில், கெடா மாநிலத்து மெர்போக் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தக் காலத்து ஆள் யாராவது இன்னும் உயிரோடு இருந்து இதைப் படித்தால், கழுத்து என்றதுமே இன்னார் என்று தெரிந்துகொண்டிருப்பார்கள்.

நான் அப்போது கல்யாணமாகி வந்த புதுசு. கூலிம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். தமிழ்ப்பள்ளியில் நாலெழுத்துப் படித்தவள் என்ற திமிர் கொஞ்சம் உண்டு. இப்போதும் போகவில்லை என்று என் மகன் சொல்கிறான். கையில் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையை விடுவதற்குத்தான் முதன்முதலில் அக்காவின் ஆயாக் கொட்டகைக்குப் போனேன்.

ஆயாக் கொட்டகை என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தாய்மார்கள் விடியுமுன் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போக வேண்டும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போக முடியாது. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளை லயம் என்போம்; அந்த லயத்துக் கோடியில் தகரம் போட்ட கொட்டகை, உள்ளே வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், அவற்றைப் பார்த்துக்கொள்ள நிர்வாகம் சம்பளத்துக்கு வைத்த ஒரு பெண். எங்கள் தோட்டத்தில் அந்தப் பெண் அக்கா.

ஜப்பான்காரன் அலோர்ஸ்டாரைத் தாண்டிவிட்டான் என்று சேதி வந்த அன்றே எங்கள் வெள்ளைக்காரத் துரை தன் நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு தெற்கே போய்விட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாயிடம் சொல்லியிருப்பார். அதோடு அக்காவின் சம்பளமும் நின்றது. மறுநாள் காலை அவள் வழக்கம்போல் கொட்டகை வாசலில் நின்று பிள்ளைகளுக்குக் கையை நீட்டினாள். இனி யார் சம்பளம் தருவார்கள் என்று ஒருத்தி கேட்டாள். சம்பளம்தானே போனது, பிள்ளைகள் எங்கேயும் போகவில்லையே என்றாள் அக்கா. அதற்குப் பிறகு கொட்டகை மூடும்வரை அவள் யாரிடமும் ஒன்றும் வாங்கவில்லை.

கொட்டகையோடு நிறுத்திக்கொண்டாளா என்றால் இல்லை. லயத்தில் பிரசவம் என்றால் அவள். சிரங்கு என்றால் அவள். கந்தகத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி, வீடு வீடாகப் போய், ஓடுகிற பிள்ளைகளை விரட்டிப் பிடித்துத் தடவுவாள். உப்புக்குத் திண்டாடியபோது கோலா கெடாவிலிருந்து கருவாட்டோடு வரும் மலாய்க்காரரைப் பிடித்து, மரவள்ளிக் கிழங்குக்கு உப்பு மாற்றி, லயம் முழுக்கப் பிரித்துக் கொடுத்தாள். இத்தனைக்கும் நடுவில் தன் வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள், கள் குடிக்கிற புருஷன். அவர்களுக்கு ஒருவேளைச் சோறு தப்பியது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்தக் காலம் பொற்காலம் என்று மேடையில் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வாரம் முழுக்க உப்பில்லாத கிழங்கைக் கொடுத்துவிட்டுப் பேசச் சொல்ல வேண்டும்.

கிராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவைத்தான் நாங்கள் கிராணி என்போம். துரை இருந்தபோது துரைக்கு முன் கைகட்டி நின்றவர், ஜப்பான்காரன் வந்ததும் அதே கையை அவனுக்குக் கட்டிக்கொண்டார். பாதித் தோட்டத்து மரங்களைச் சாய்த்து மரவள்ளி போட உத்தரவு வந்தது. மண்வெட்டி பிடிக்கிறவர்களுக்கு மட்டும்தான் அரிசி, வேலை செய்யாதவர்களுக்குக் கிடையாது என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று கிராணி அறிவித்தார். பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்க அதுவரை வந்துகொண்டிருந்த நொய்யும் நின்றது.

அக்கா அதைக் கேட்டுக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பினாள். மறுநாள் நாங்கள் மண்வெட்டியோடு போனபிறகு, கொட்டகைப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் ஆபீஸ் வராந்தாவில் பாய் விரித்துப் போட்டுவிட்டாள். படுத்தவை படுத்தபடி அழுதன. தவழ்கிறவை உள்ளே போய்க் கிராணியின் மேசைக்கடியில் புகுந்துகொண்டன. ஒன்று அவர் காலில் போட்டிருந்த சப்பாத்தில் ஒன்றுக்கு இருந்தது. அது என் பிள்ளை என்று எனக்கு இன்றும் பெருமை. அவர் என்ன இது என்று கத்தினாராம். அக்கா படியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து நிதானமாகப் பதில் சொன்னாளாம்.

"வேல செய்யாதவங்களுக்கு அரிசி இல்லேன்னு சொன்னீங்கய்யா. அதான் வேலைக்கு வந்திருக்காங்க. பேரு எழுதிக்குங்க."

அன்று ஜப்பான் அதிகாரி ஒருவன் வருவதாக இருந்தது. மத்தியானத்துக்குள் நொய் திரும்பக் கிடைத்தது. ஆபீஸ் கூட்டுகிற பெண் வந்து இதைச் சொன்னபோது, நாங்கள் கிழங்குக் காட்டில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

அவளோடு ஒருமுறை சுங்கைப்பட்டாணிக்குப் போயிருக்கிறேன். வழியில் பாலத்தருகே ஜப்பான் காவல். நடந்து போகிறவர்கள் அவன்முன் நின்று இடுப்பு வளையக் குனிய வேண்டும், இல்லையென்றால் அறை. அக்கா தலையில் சும்மாடு வைத்து ஒரு மண்பானை. பானை நிறைய வல்லாரைக் கீரை. சீனர் மருந்துக்கடையில் கொடுத்துக் கந்தகம் வாங்குவதற்கு. நான் குனிந்தேன். கேட்டால் நெற்றி முட்டியில் இடித்தது என்றுகூடச் சொல்வேன், அப்படிக் குனிந்தேன். அவள் முழங்காலை மட்டும் கொஞ்சம் மடக்கினாள். கழுத்து நேராக இருந்தது. அவன் ஏதோ குரைத்துக்கொண்டு வந்து கன்னத்தில் அறைந்தான். பானை விழுந்து உடைந்தது. அக்கா அவனைப் பார்த்துக்கொண்டே கீரையைப் பொறுக்கி முந்தானையில் கட்டிக்கொண்டாள். எனக்கு அங்கேயே சேலை நனைந்துவிட்டது. சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

திரும்பி வரும்போது, குனிந்து தொலைத்தால் என்னக்கா என்று கேட்டேன். கன்னம் வீங்கியிருந்தது அவளுக்கு.

"தலையில பாரம் வச்சிருக்கிறவ குனிஞ்சா பாரம் விழுந்திரும்லா. அவனுக்குத் தெரியல. அவன் ஆத்தாளுக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றாள்.

அடுத்த தடவை மண்ணெண்ணெய் டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அது விழுந்தாலும் உடையாது என்றாள். அந்தக் காவல்காரன் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, போ என்று கையைக் காட்டினானாம். நான் கூடப் போகவில்லை. எனக்குப் பைத்தியமா?

இப்படிச் சின்னச் சின்னதாகச் சொல்லிக்கொண்டு போகலாம். ஆனால் அவளை நான் எழுதுவதற்குக் காரணம் என் தாலி.

சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கேட்டார்கள். கிராணி பெயரைப் படித்தார். என் புருஷன் பெயர் வந்தது, அக்கா புருஷன் பெயரும் வந்தது. லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என் புருஷன் பிள்ளையின் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டே இருந்து, லாரி நகர்ந்தபோது விட்டார். அக்காவின் புருஷன் நல்ல பாட்டுக்காரர். கள் உள்ளே போனால் லயம் முழுக்கக் கேட்கும்படி பாடுவார். அவரைத் திட்டுவதற்கு உலகத்தில் அக்கா ஒருத்திக்குத்தான் உரிமை. வேறு யாராவது குடிகாரன் என்றால் சண்டைக்குப் போய்விடுவாள். அன்று அவர் கையில் கந்தக எண்ணெய் டப்பாவைத் திணித்துவிட்டு, கண்ட தண்ணியையும் குடிக்காதே, காய்ச்சிக் குடி என்று லாரியின் பின்னால் ஓடிக்கொண்டே கத்தினாள். அவர் அந்த வார்த்தையையே ராகம் போட்டு லாரியில் நின்று பாடிக் காட்டினார். அழுதுகொண்டிருந்த நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

சயாமுக்குப் போனவர்களின் வீட்டுக்கு அரிசிப் பங்கு உண்டு என்றார்கள். குடியிருக்கும் அறையும் அவர்கள் பெயரில் இருக்கும். ஆள் அங்கே வேலையில் இருக்கும்வரைதான் இதெல்லாம். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கிராணி நன்றாக நினைவில் வைத்திருந்தார்.

அப்போது எங்கள் யார் கழுத்திலும் தங்கம் இல்லை. எல்லாம் அரிசியாகவும் மருந்தாகவும் போய்விட்டது. மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டு, அதுதான் தாலி. மஞ்சள் காய்ந்து சுருங்கினால் அக்கா கொட்டகைக்குப் பின்னால் வளர்த்த செடியிலிருந்து புதுத்துண்டு வெட்டித் தருவாள்.

மாதக்கணக்கில் சேதியே இல்லை. பிறகு யாரோ ஒருவன் தப்பி வந்து சுங்கைப்பட்டாணி பாசாரில் சொன்னானாம்: அங்கே வாந்திபேதி, கேம்ப் கேம்பாகச் சாகிறார்கள், ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள் என்று. சொன்னவனை எங்கள் தோட்டத்தில் யாரும் பார்க்கவில்லை. அதே சமயம் லயத்தில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பரவியது. தண்டல் எல்லோரையும் கோயிலுக்கு முன்னால் கூப்பிட்டார்.

தண்டல் என்றால் எங்களை வேலை வாங்குகிறவர், கோயில் தலைவரும் அவர்தான். கெட்ட மனுஷன் இல்லை. அவருடைய சொந்தத் தம்பியும் சயாமுக்குப் போயிருந்தார். செத்தவர்களுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாததால் ஆவிகள் லயத்தைச் சுற்றுகின்றன, அதனால்தான் பிள்ளைகள் படுக்கின்றன என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். போனவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கருமாதி. அவர்கள் பெண்டாட்டிகளுக்கு ஆற்றங்கரையில் தாலி இறக்கிவிடுவது. கிராணி பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். பிண்டத்துக்குப் பச்சரிசி ஆபீஸிலிருந்து தருவதாகவும் சொன்னார். பிள்ளைகளின் கஞ்சிக்கு நொய் கொடுக்க அழுத மனிதர், பிண்டத்துக்குப் பச்சரிசி கொடுக்க முந்திக்கொண்டு வந்தார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். எனக்கு அப்போது வயது இருபதுகூட ஆகவில்லை. விதவைகள் இரண்டு பேர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள். அதுதான் முறை. அவர்கள் கை சில்லென்று இருந்தது. மறுக்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. எல்லோரும் சேர்ந்து சொன்னால் அது நடந்ததாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

அக்கா இடுப்பில் யார் பிள்ளையையோ வைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தாள்.

"அண்ணே, அவங்க செத்தத நீங்க பாத்தீங்களா?"

"பாக்கணுமாம்மா? ஊரே சொல்லுது," என்றார் தண்டல்.

"சொன்னவன யாரு பாத்தது?"

ஆவி சுற்றுகிறதே, பிள்ளைகள் காய்ச்சலில் கிடக்கிறார்களே என்று தண்டல் மறுபடி ஆரம்பித்தார். அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது நான்தான், அது கொசுக்கடிக் காய்ச்சல், கொய்னா மாத்திரை கிடைத்தால் போகும் என்றாள் அக்கா. பிறகு கிராணியின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஆனால் அவருக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"செத்துட்டாங்கன்னு கருமாதி பண்ணிட்டா நாளைக்கே அரிசி நின்னுரும், அற போயிரும். திரும்பி வர்றவங்க எந்த வீட்டுக்கு வருவாங்க? மண்ணள்ளிப் போட்டவன் வரட்டும். இந்தக் கையாலதான் போட்டேன்னு சொல்லட்டும். அதுவரைக்கும் இங்க எந்தப் பொம்பள கழுத்துலயும் யாரு கையும் படக் கூடாது."

அப்புறம் எங்களைப் பார்த்தாள். நிமிருங்கடி என்றாள். நான் நிமிர்ந்தேன். என் கையைப் பிடித்திருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். அதில் ஒருத்தி, வயதானவள், தனக்கு இப்படிச் சொல்ல அன்று ஒரு ஆள் இல்லையே என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

கருமாதி நின்றது. அதற்குப் பிறகு கெடாவையே ஜப்பான்காரன் சயாம்காரனிடம் தூக்கிக் கொடுத்தான் என்றார்கள். கொடி மாறியது, காவல் மாறவில்லை, நாங்கள் கிழங்குதான் தின்றோம். எனக்கு நம்பிக்கை ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. செத்துப்போனவருக்குத் தாலி போட்டுக்கொண்டிருந்தால் பாவமில்லையா என்று அக்காவிடம் ஒருநாள் கேட்டேன். பாவத்தை என் தலையில் வை, நான் சுமந்துகொள்கிறேன் என்றாள். சொல்லிவிட்டு என் மகனுக்குக் கஞ்சி ஊட்டப் போய்விட்டாள்.

பார்த்தவன் ஒருநாள் வந்தான்.

மத்தியானம். கிழங்குக் காட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். கொட்டகை வாசலில் ஒரு மனிதன் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றான். சாக்குத் துணி, காலெல்லாம் புண், புண்ணின்மேல் இலை கட்டியிருந்தான். பாதை போடும் இடத்திலிருந்து ஓடி, காட்டு வழியாகவும் தண்டவாளத்தை ஒட்டியும் நடந்து வந்தவன். கூலிம் பக்கத்து ஆள். அங்கே செத்துக்கொண்டிருந்த ஒருவருக்குச் சத்தியம் செய்து கொடுத்ததால், தன் வீட்டுக்குப் போகுமுன் இங்கே வந்திருக்கிறான். பாட்டுப் பாடுகிறவரின் சம்சாரம் யார் என்று கேட்டான்.

அக்கா உள்ளிருந்து அகப்பையோடு வந்தாள். நாங்கள் கூடிவிட்டோம். தண்டல் வந்தார். கிராணிகூட வந்து தள்ளி நின்றார். அக்கா முதலில் அவனை உட்கார வைத்துக் கஞ்சி கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை யாரையும் பேச விடவில்லை. பிறகு, எல்லோரிடமும் கேட்கும் அதே கேள்வியை அவனிடமும் கேட்டாள்.

"நீங்க பாத்தீங்களா தம்பி?"

"பாத்தேங்க்கா. பேதி. என் மடியிலதான் போனாரு."

"மண்ணு?"

"இந்தக் கையாலதாங்க்கா போட்டேன்."

கையை நீட்டினான். அவள் அந்தக் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். வெகுநேரம் விடவில்லை. கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று மெதுவாகக் கேட்டாள். தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தேன் என்று சொல்லச் சொன்னார் என்றான் அவன். அங்கே இருந்தவர்களில் அழாதவர் யாரும் இல்லை, தண்டல் உட்பட. அக்கா மட்டும் அழவில்லை. அவளுக்கு இன்னும் வேலை பாக்கி இருந்தது.

என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். என் புருஷனின் அடையாளத்தைச் சொன்னாள். பெயர், ஊர், முன்பல் ஒன்று உடைந்திருக்கும் என்றாள். இவரைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். இதேபோல் ஒவ்வொருத்தியையும் முன்னால் நிறுத்திக் கேட்டாள். பேதி வருவதற்கு முன்பே அவர்களையெல்லாம் மேலே வேறு கேம்புக்குக் கூட்டிப் போய்விட்டார்கள், அப்புறம் பார்க்கவில்லை என்றான் அவன்.

தண்டல் தொண்டையைச் செருமினார். ஒருத்தர் போனது உறுதியாகிவிட்டது, மற்றவர்கள் மட்டும் எப்படி இருப்பார்கள், இனியாவது ஊர் சொல்வதைக் கேளம்மா என்றார். விதவைகள் அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார்கள். அவளை ஆற்றுக்குக் கூட்டிப்போக வேண்டும், பூ வைத்து, வளையல் போட்டு, பிறகு எல்லாவற்றையும் பறிக்க வேண்டும்.

அக்கா அவர்களை விலக்கினாள். நடுப்பகல் வெயிலில், எல்லோரும் பார்க்க, தன் கையாலேயே கழுத்துக்குப் பின்னால் முடிச்சை அவிழ்த்தாள். கொஞ்ச நேரம் பிடித்தது. தலையைக் குனிந்திருந்தால் சுலபமாக வந்திருக்கும்.

"என் புருஷன் செத்துட்டாரு. பாத்தவரு வந்து சொல்லிட்டாரு, நான் ஒத்துக்கிறேன். இவளுங்க புருஷனுங்கள இவரு பாக்கல. எனக்குச் சொன்னது எனக்கு மட்டும்தான்."

கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு கொட்டகைக்குப் பின்னால் போனாள். அவள் அழுததை அன்றுதான் கேட்டோம். வாய்விட்டு, பெரிய குரலில், அவரைத் திட்டித் திட்டி அழுதாள். யாரும் பக்கத்தில் போகவில்லை. நான் போயிருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். அவளைத் தெரிந்தவர்கள் நினைக்க மாட்டார்கள்.

சாவுத் தீட்டு என்று சில நாள் கொட்டகை மூடிக் கிடந்தது. பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனோம். எங்களுக்குள் ஒரே பேச்சு, இனி அக்கா எப்படி வருவாள் என்பதுதான். லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. விதவைகள் பெரட்டு மணி அடித்து ஆட்கள் காட்டுக்குப் போய் முடியும்வரை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பார்கள். வேலைக்குப் புறப்படுகிறவர்கள் முதலில் அவர்கள் முகத்தில் விழித்துவிடக் கூடாது. யாரும் அடித்து உள்ளே வைப்பதில்லை, அவர்களே இருந்துகொள்வார்கள். அக்காவின் வேலையோ தினமும் எல்லோருக்கும் முதல் முகமாக நிற்பது. வேறு யாரையாவது கொட்டகையில் வைக்கலாம் என்று தண்டல் வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

அவள் யாருக்கும் சொல்லாமல் ஒருநாள் காலை வந்து நின்றாள். இருட்டுப் பிரியவில்லை. ஒரு கையில் லாந்தர். நெற்றியில் எப்போதும் வைக்கும் அதே பொட்டு. கழுத்தில் ஒன்றுமில்லை. கதவுக்கு உள்ளே இல்லை, வெளியே, பாதையின் நடுவில் நின்றாள். அவளைத் தாண்டாமல் யாரும் பெரட்டுக்குப் போக முடியாது.

பிள்ளைகளோடு வந்த நாங்கள் நின்றுவிட்டோம். முன்னால் நின்றது தண்டலின் மருமகள். அவள் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு பின்னால் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் நகரவில்லை. தூரத்தில் மணி அடித்தது.

"நேரமாச்சு," என்றாள் அக்கா. "புள்ளையக் குடுக்கறதுன்னா குடுங்க. இல்லாட்டி முதுகுல கட்டிக்கிட்டே மண்வெட்டி புடிங்க. நான் இங்கதான் நிப்பேன். நாளைக்கும் நிப்பேன்."

நான்தான் முதலில் கொடுத்தேன். வீரம் ஒன்றும் இல்லை. என் கழுத்தில் தாலி இருந்ததே அவளால்தான். அவள் முகத்தில் விழித்தால் அபசகுனம் என்று நான் போனால், என்னைப் போல நன்றிகெட்டவள் இருக்க முடியாது. என் மகன் அவளிடம் தாவினான். பிறகு இன்னொருத்தி கொடுத்தாள். தண்டலின் மருமகள் கடைசியாகக் கொடுத்தாள், கண்ணை மூடிக்கொண்டு. அன்று காட்டில் யாரையும் பாம்பு கடிக்கவில்லை, யார்மேலும் மரம் சாயவில்லை. அடுத்த வாரம், விதவைகளின் கதவுகளில் ஒன்று மணி அடிப்பதற்கு முன்பே திறந்திருந்ததை நான் பார்த்தேன்.

ஜப்பான்காரன் போனபிறகு சயாமிலிருந்து சிலர் திரும்பி வந்தார்கள். எங்கள் தோட்டத்துக்கும் வந்தார்கள், அதிகமில்லை. அதில் ஒருவர் தண்டலின் தம்பி. எலும்பும் தோலுமாக லயத்துக்குள் நடந்து வந்தபோது அவர் பெண்டாட்டி பொட்டும் தாலியுமாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்டல் அன்று கொட்டகைக்கு வந்தார். துண்டை முறுக்கிக்கொண்டு வாசலில் நின்றார். உள்ளே வாங்கண்ணே, புள்ளைங்க தூங்குது, சத்தம் போடாம உக்காருங்க என்றாள் அக்கா.

என் புருஷன் வரவில்லை. வருஷங்கள் போயின. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, இனியும் ஏன் என்று கேட்டார்கள். நான் அக்காவிடம் போய்க் கேட்டேன். அன்று கோயிலுக்கு முன்னால் நின்று அத்தனை பேசியவள், என்னிடம் ஒன்றுமே சொல்லித் தரவில்லை. அது உன் கழுத்து புள்ள, என்னை ஏன் கேக்குற என்றாள். எனக்குக் கோபம்கூட வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபிறகுதான் புரிந்தது.

அக்கா செத்தபோது அந்தத் தோட்டம் பாதிகூட இல்லை. அவள் மகன்கள் இருவரும் டவுனில் வேலைக்குப் போயிருந்தார்கள். பெண்கள் லயத்தோடு நின்றுகொள்ள வேண்டும், சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று வழக்கம்போல் சொன்னார்கள். நான் பாடையின் பின்னாலேயே நடந்தேன். யாரோ தடுத்தார்கள். அவளுடைய மூத்த மகன், விடுங்க, வரட்டும் என்றான். குழிக்குள் இறக்கியபிறகு நானும் குனிந்து மண்ணள்ளிப் போட்டேன். ஈர மண், செம்மண். என் நகத்தில் ரொம்ப நாள் இருந்தது.

ஆகவே அக்கா இறந்துவிட்டாள் என்று நான் சொல்லலாம். பார்த்தவள் நான், போட்டவள் நான். என் புருஷனுக்குப் போட்டேன் என்று இதுவரை ஒருவரும் வந்து சொல்லவில்லை. போன மாதம் என் பேரன் கல்யாணத்தில் நான் பொட்டும் தாலியுமாக முன்வரிசையில் நின்று அட்சதை போட்டேன். பெண் வீட்டார் பக்கத்தில் கொஞ்சம் குசுகுசுப்பு இருந்தது. ஆட்சேபம் இருக்கிறவர்கள் பார்த்தவனைக் கூட்டி வரட்டும் என்று சொல்லி அனுப்பினேன். இன்னும் யாரையும் கூட்டி வரவில்லை.